அரை நொடிக்கு முன்

வெரிபீயில், கழிவுநீர்க் குளங்களைச் சுற்றி ஒரு சரளைப் பாதை.
உள்ளே போக அனுமதிச் சீட்டும் ஒரு சாவியும் வேண்டும்.
மெல்பேர்ண் முழுக்கக் கழுவி ஊற்றியதை
நாணலும் வாத்தும் முகம் சுளிக்காமல்
வாங்கிக்கொண்ட இடம்.
இரவு வேலை முடிந்ததும்
ஆஸ்பத்திரி அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றாமலே
அங்கே போய் நிற்பேன்.

பத்து வருஷக் கமரா.
வயிற்றுக்குள் ஒரு கண்ணாடி.
அழுத்தினால் டப்பென்று எழும்பும்,
எழும்புகிற கணம் எனக்கு இருட்டு.
பருந்து பாய்கிறபோது, சரியாக அப்போது மட்டும்,
பருந்தை நான் பார்த்ததே இல்லை.
வீட்டுக்கு வந்து படத்தில்தான்.
பாதி நாள் படத்திலும் இராது;
வால் நுனி கொஞ்சம்,
மிச்சம் வானம்.

எலிசபெத் வீதிக் கடையில் ஸ்டெலியோ
கண்ணாடி இல்லாத கமராக்கள் மூன்றை
கண்ணாடி மேசைமேல் வைத்தான்.
முதலாவதின் விலையைக் குரல் தாழ்த்திச் சொன்னான்.
கெட்ட முடிவு வந்த நாளில்
எங்கள் டாக்டர்கள் பேசுகிற குரல் அது.

இரண்டாவது மலிவு, நொடிக்கு நாற்பது படம்.
ஆனால் காட்சியை மேலிருந்து கீழே
வரிவரியாக வாசிக்குமாம்.
கடைசி வரிக்கு வருமுன்
சிறகு வேறிடம் போயிருக்கும்.
வாசலால் போன ட்ராமை எடுத்துப் பார்த்தேன்:
அவசரத்தில் எழுதிய ‘ப’ போலச்
சரிந்து கிடந்தது.

மூன்றாவது, கலியாணப் படக்காரர் ஒருவர்
இரண்டு வருஷம் அடித்துத் தந்தது.
அடியில் ஒரு கீறல்.
கண் எங்கே இருந்தாலும் தேடிப் பிடிக்கும் என்றான்.
குகதாசன் பக்கம் திருப்பினேன்.
சின்னப் பெட்டியொன்று பறந்து போய் அவர் கண்ணில் ஒட்டியது.
அவர் கண் விலைச்சீட்டில் ஒட்டியிருந்தது.

“உந்தக் காசுக்கு ஒரு பழைய கார் வரும்.”
“கார் பருந்தைப் பிடிக்காது.”
“பருந்து உம்மை வேலைக்குக் கொண்டுபோய் விடாது.”

அப்போதுதான் ஸ்டெலியோ, பெரிய விஷயமில்லை என்பது போல:
விரலை லேசாக வைத்திருந்தால் போதும்,
நீங்கள் அழுத்துவதற்கு அரை நொடி முன்பு நடந்ததையும்
இது எடுத்து வைத்திருக்கும்.

திரும்பச் சொல்லச் சொன்னேன்.

பால் பொங்கி வழிய முந்திய அரை நொடி.
அக்காவிடம் தொலைபேசியில் அந்தச் சொல்லைச் சொன்னேனே,
அது வாய்க்கு வருமுன் என் முகம்.
பதினொரு வருஷம் அவள் பேசவில்லை.
அந்த முகத்தை நான் ஒருமுறை பார்க்க வேண்டும்.

கீறல் விழுந்ததையே வாங்கினோம்.
பழைய லென்ஸுக்கு ஒரு வளையம் மாட்டிச்
சம்பந்தம் செய்துவைத்தான்.
“பற்றரியைக் குடிக்கும்,” என்றும் எச்சரித்தான்,
மாப்பிள்ளை வீட்டுக் குறையைக்
கடைசியில் சொல்கிற தரகரைப் போல.

ஞாயிறு. காற்று தெற்கிலிருந்து.
கருந்தோள் பருந்து
அந்தரத்தில் ஆணி அடித்தது போல் நின்றது.
விழுந்தது.
முதல்முறையாக, இருட்டில்லாமல், முழுவதும் பார்த்தேன்.
சத்தமே இல்லை;
எடுத்தேனா, வெறுமனே நின்றேனா என்றுகூடத் தெரியவில்லை.

இருநூற்றுப் பதினான்கு படம்.
இரவு சமையலறை மேசையில் ஒவ்வொன்றாகத் தள்ளினோம்.
கார்க் கதையை மறந்து அவரும் கதிரையை இழுத்துப்போட்டார்.
புல், புல், சிறகு, புல்.
பிறகு அது:
மேலெழும் பருந்து, காலில் ஒரு சுண்டெலி.
நான் இன்னும் அழுத்தியிராத நேரம்.

பருந்தின் குன்றிமணிக் கண்
சற்றே கலங்கியிருந்தது.
பெட்டி அங்கே இல்லை.
அது எலியின் கண்ணைப் பிடித்திருந்தது.
மிளகு போல ஒன்று, அவ்வளவு துல்லியம்;
அதற்குள் வானம், பாதை,
பாதையில் ஒரு புள்ளி.
நானாக இருக்கலாம்.

“இதை அழிக்கப்போறீரோ?” என்றார்.
நான் வாய் திறக்குமுன்
பற்றரி முடிந்தது.